பிரேக் சோதனையும் பத்திரிகைகளும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஃப்ரீமான்ட் நகரிலுள்ள டெஸ்லா மின்சாரக் கார் ஆலையில், 2018 ஜூன் 26 அன்று அதிகாலை 3 மணிக்குச் சற்று முன்னதாக ஒரு சோதனை நிறுத்தப்பட்டது. மாடல் 3 கார்கள் உற்பத்தி வரிசையின் முடிவை எட்டியபின், வீல் அலைன்மென்ட் சரியாக உள்ளதா, சக்கரங்கள் சுழலும் நிலையில் பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஆலையின் உள் ஆவணம் ஒன்றைக் கண்டதாகக் கூறி பிசினஸ் இன்சைடர் செய்தி நிறுவனம் ஜூலை 3 அன்று இதை வெளியிட்டது. நிறுத்தச் சொன்னவர் நிறுவனத்தின் தலைவர் எலான் மஸ்க் என்றும் அச்செய்தி கூறியது.

நாளும் நேரமும் கவனத்திற்குரியவை. ஜூன் மாத முடிவுக்குள் வாரத்திற்கு 5,000 மாடல் 3 கார்கள் என்ற இலக்கை எட்டிக் காட்டுவதாக மஸ்க் முதலீட்டாளர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இதே இலக்கு முதலில் 2017 டிசம்பருக்கும், பிறகு 2018 மார்ச்சுக்கும் குறிக்கப்பட்டு இரண்டு முறையும் தவறியது. 2017ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் மொத்தமாகவே 2,425 மாடல் 3 கார்கள்தான் உற்பத்தியாகியிருந்தன. மூன்றாம் கெடுவைத் தவறவிட முடியாத நெருக்கடியில், ஆலை வளாகத்தில் மாபெரும் கூடாரம் ஒன்று எழுப்பப்பட்டு அதற்குள் புதிய பொருத்து வரிசை அமைக்கப்பட்டது. ஜூன் மாதத்தின் கடைசி வாரத்தில் 5,031 கார்கள் உற்பத்தியானதாக ஜூலை 2 அன்று நிறுவனம் அறிவித்தது. அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடாரத்து வரிசையிலிருந்து வந்தவை. ஐயாயிரமாவது கார் இறுதிச் சோதனையைத் தாண்டியபோது சனிக்கிழமை நள்ளிரவுக் கெடு முடிந்து ஞாயிறு விடிந்துகொண்டிருந்தது என்று செய்தி முகமைகள் எழுதின.

சோதனை நிறுத்தப்பட்ட செய்தி வெளியானதும் இரண்டு அணிகள் களத்தில் இறங்கின. ஓர் அணி, டெஸ்லா பிரேக்கைச் சோதிக்காமலேயே கார்களை வெளியே அனுப்புகிறது என்று முழங்கியது. மறு அணி, இது திட்டமிட்ட அவதூறு என்றது. ஒவ்வொரு காரும் பிரேக் சோதனை உள்ளிட்ட கடுமையான தரச் சோதனைகளைக் கடந்தே செல்கிறது என்று நிறுவனம் பதிலளித்தது. சில நாள்களில் மஸ்க், செய்தி எழுதிய பெண் பத்திரிகையாளரைப் பெயர் சொல்லி, டெஸ்லா பங்குகளின் சரிவில் பணம் கட்டியிருக்கும் முதலீட்டாளர் ஒருவருக்காக அவர் செயல்படுகிறாரா என்று ட்விட்டரில் பொதுவெளியில் கேள்வி எழுப்பினார். செய்தி நிறுவனம் தன் செய்தியாளருடன் உறுதியாக நின்றது.

இந்த விவாதத்தை இங்குள்ள தோழர்கள் சிலரும் கவனித்து வந்தார்கள். சமூக ஊடகங்களில் "பிரேக் இல்லாத கார்" என்ற கேலிப்படங்கள் நம் வட்டாரங்களிலும் பகிரப்பட்டன. பெருமுதலாளி ஒருவர் கையும் களவுமாகப் பிடிபடும்போது எழும் மகிழ்ச்சி இயல்பானதே. ஆயினும் செய்தி நிறுவியது எது, நிறுவாதது எது என்பதை இடதுசாரிப் பத்திரிகையாளரும் பிரச்சாரகரும் பிரித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

அச்செய்தி நிறுவியது, ஒரு குறிப்பிட்ட சோதனை ஒரு குறிப்பிட்ட நாளில் நிறுத்தப்பட்டது என்பதுதான். அதை நிறுவனம் மறுத்ததாகத் தெரியவில்லை. பழுதுள்ள பிரேக்குடன் ஒரு காரேனும் வாடிக்கையாளரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று செய்தியில் நிறுவப்படவில்லை. கார் ஆலைகளில் ஒரே பண்பை வெவ்வேறு இடங்களில் இரண்டு மூன்று முறை சோதிப்பதுண்டு. ஒன்றை நீக்கினால் மற்றொன்று அதை ஈடுசெய்யக்கூடும். டைனமோமீட்டர் உருளைகளின் மேல் ஓட்டிப் பார்ப்பதும், சோதனைப் பாதையில் ஓட்டிப் பார்ப்பதும் அப்படிப்பட்டவை. ஆகவே "சோதனை நீக்கப்பட்டது" என்பதிலிருந்து "கார் ஆபத்தானது" என்பதற்கு ஒரே தாவலில் போய்விட முடியாது. இதைச் சொல்வதால் டெஸ்லாவுக்கு நற்சான்று கொடுத்ததாக ஆகாது. அரைகுறைச் செய்தியை முழுச் செய்தியாக்கிப் பரப்பினால், அடுத்த முறை முழு உண்மையைச் சொல்லும்போதும் தொழிலாளி நம்பமாட்டார் என்பதே இதிலுள்ள பிரச்சினை.

மறுபக்கம், நிறுவனத்தின் பதிலில் விடுபட்டது பெரியது. அந்தச் சோதனை தேவையற்றது என்றால், அதைத் தேவையென்று கருதி வரிசையில் வைத்தவர்கள் யார்? தேவையற்றது என்று கண்டறிந்தது பொறியியல் ஆய்வா, இலக்குக்கு நான்கு நாள்களே எஞ்சியிருந்த நெருக்கடியா? ஆய்வுதான் என்றால் அந்த முடிவு நள்ளிரவு தாண்டி எடுக்கப்பட்டது ஏன்? இவற்றுக்கு நிறுவனம் விடை தந்திருந்தால் விவாதம் ஒரே நாளில் முடிந்திருக்கும். விடைக்குப் பதில், கேட்டவரின் நோக்கம் என்ன என்ற எதிர்க்கேள்வி வந்தது.

பங்குச் சந்தையின் கணக்கு ஒன்றும் இதன் அடியில் ஓடியது. 2018இல் அமெரிக்கச் சந்தையில், விலை விழும் என்று எதிர்பார்த்து மிக அதிகமாகப் பந்தயம் கட்டப்பட்டிருந்த பங்குகளில் டெஸ்லாவும் ஒன்று. விழுந்தால் சிலருக்குக் கோடிகள், எழுந்தால் சிலருக்குக் கோடிகள். மஸ்க்குக்கோ எழுச்சியில் தனிப்பட்ட பங்கு இருந்தது. 2018 மார்ச் மாதம் பங்குதாரர்கள் ஒப்புதல் அளித்த அவரது ஊதியத் திட்டம், நிறுவனத்தின் சந்தை மதிப்பு 65,000 கோடி டாலரை நோக்கிப் படிப்படியாக உயர்வதோடு கட்டப்பட்டது. வார உற்பத்தி எண்ணிக்கை ஒன்றுக்கு இத்தனை முக்கியத்துவம் வந்தது இதனால்தான். கார் வாங்க முன்பணம் கட்டிக் காத்திருந்தோர் ஏறத்தாழ 4,20,000 பேர். ஆனால் அவர்களது பொறுமையைக் காட்டிலும் வால் ஸ்ட்ரீட்டின் பொறுமைதான் ஃப்ரீமான்ட் ஆலையின் வேகத்தைத் தீர்மானித்தது. எனவே பத்திரிகைகளில் நடந்த சண்டையின் பெரும்பகுதி, நிதி மூலதனத்தின் இரு பிரிவுகளுக்கிடையே நடந்த சண்டைதான். ஏறுமுகக்காரர்களின் பக்கத்திலோ இறங்குமுகக்காரர்களின் பக்கத்திலோ நின்று கைதட்ட இடதுசாரிகளுக்குக் காரணம் எதுவுமில்லை.

இந்தச் சண்டையில் எவரும் விசாரிக்காத ஒருவர் இருக்கிறார். அந்தச் சோதனை நிலையத்தில் நின்று, நாள்தோறும் நூற்றுக்கணக்கான கார்களின் சக்கரங்களைச் சுழலவிட்டு, எது சரியில்லை என்று கண்டு ஒதுக்கிவைத்த தொழிலாளி. ஜூன் 26 காலையில் அவர் வேறு எங்கு அனுப்பப்பட்டார்? சோதனை நிறுத்தப்பட்டதைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருந்திருக்கும். அதை அச்சமின்றிச் சொல்ல அவருக்கு வழி இருந்ததா? முதலாளித்துவப் பத்திரிகைகள் கார்த் தரத்தை வாங்குபவரின் கேள்வியாகவும் முதலீடு செய்பவரின் கேள்வியாகவும் மட்டுமே பார்க்கின்றன. செய்பவரின் கேள்வி செய்தியறையின் வாசலைத் தாண்டுவதில்லை.

ஃப்ரீமான்ட் ஆலையின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு கசப்பான முரண் தெரியும். அதே கட்டடம் 1960களிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக 'நும்மி' என்ற பெயரில் அதை மீண்டும் திறந்தன. பழைய ஆலையில் வேலைக்கு ஒழுங்காக வராதவர்கள், தரமற்ற கார்களைச் செய்தவர்கள் என்று நிர்வாகம் தூற்றிய அதே தொழிலாளர்களில் பெரும்பான்மையோர், அதே ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர்களாகவே திரும்பவும் சேர்க்கப்பட்டனர். குறுகிய காலத்திலேயே அங்கு உருவான கார்கள் அமெரிக்காவின் மிகத் தரமான கார்களின் வரிசையில் இடம்பெற்றன. அங்கு உற்பத்தி வரிசை நெடுகிலும் தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடியது. பழுதைக் காணும் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். பழுது தீராவிட்டால் வரிசை நிற்கும். பழைய ஆலையில் எக்காரணம் கொண்டும் வரிசையை நிறுத்தக் கூடாது என்பதே சட்டமாக இருந்தது.

டொயோட்டா முறையைப் புகழ இது சொல்லப்படவில்லை. தொழிலாளியின் ஒவ்வொரு நொடியையும் பிழிந்தெடுக்க வகுக்கப்பட்ட முறை அது. அதை எதிர்த்து உலகெங்கும் தொழிலாளர்கள் போராடியிருக்கிறார்கள். மூலதனத்தின் மிகக் கறாரான அந்த முறைகூட, தரத்தை உண்மையிலேயே விரும்பும்போது, தொழிலாளியின் கையில் நிறுத்தும் அதிகாரத்தைக் கொஞ்சமேனும் ஒப்படைக்க வேண்டியிருந்தது என்பதே இங்கு பொருட்படுத்தத்தக்கது. 2010 ஏப்ரலில் நும்மி மூடப்பட்டு ஏறத்தாழ 4,700 பேர் வேலையிழந்தனர். அடுத்த மாதமே 4.2 கோடி டாலருக்கு அந்த ஆலையை வாங்க டெஸ்லா ஒப்பந்தம் செய்தது. கட்டடம் கைமாறியது, சங்கம் கைமாறவில்லை. 2018இல் அங்கு சுமார் 10,000 பேர் வேலை செய்தார்கள், சங்கமின்றி.

கூட்டாகப் பேரம்பேசும் உரிமை கேட்டு அங்கு நடந்த முயற்சிகளை நிறுவனம் எப்படி எதிர்கொண்டது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 2018 மே மாதம் மஸ்க் தமது ட்விட்டர் பக்கத்தில், சங்கத்துக்கு வாக்களிக்கத் தடையில்லை, ஆனால் சந்தா கட்டிவிட்டு நிறுவனப் பங்குகளை எதற்காக வீணாக இழக்க வேண்டும் என்ற பொருளில் எழுதினார். இது தொழிலாளர்களை மிரட்டுவதாகும் என்று சங்கம் தேசியத் தொழிலாளர் உறவுகள் வாரியத்தில் புகார் கொடுத்தது. வேறு புகார்களின் மீது ஜூன் மாதத்தில் விசாரணை தொடங்கியது. ஜூன் 12 அன்று ஊழியர்களில் 9 சதவீதத்தினரை நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது. ஜூன் 20 அன்று, ஆலைக்குள் நடப்பவை பற்றிய தகவல்களை வெளியே கொடுத்ததாகக் கூறி முன்னாள் ஊழியர் ஒருவர் மீது வழக்குத் தொடுத்தது. பிரேக் சோதனை நிறுத்தப்பட்டது அதற்கடுத்த ஆறாம் நாள். அந்தக் காலையில் எந்தத் தொழிலாளி எழுந்து நின்று இது சரியல்ல என்று சொல்லியிருப்பார்?

பிரேக் செய்திக்குக் கிடைத்த வெளிச்சத்தை ஏப்ரலில் வந்த மற்றொரு செய்திக்குக் கிடைத்த வெளிச்சத்தோடு ஒப்பிட வேண்டும். ரிவீல் என்ற புலனாய்வுச் செய்தி அமைப்பு, ஃப்ரீமான்ட் ஆலையில் தொழிலாளர்களுக்கு ஏற்படும் காயங்கள் முறையாகப் பதிவேட்டில் ஏற்றப்படுவதில்லை என்று முன்னாள் பாதுகாப்பு ஊழியர்களின் வாக்குமூலங்களோடும் ஆவணங்களோடும் எழுதியது. காயமடைந்தவர்களின் கதைகள் அதில் இருந்தன. நிறுவனம் அளித்த மறுப்பில், ரிவீல் ஒரு தீவிரவாத அமைப்பு, சங்க ஆதரவாளர்களோடு சேர்ந்து பொய்ப் பிரச்சாரம் செய்கிறது என்ற வாசகங்கள் இடம்பெற்றன. மாநிலத்தின் தொழிற்பாதுகாப்புத் துறை விசாரணையைத் தொடங்கியது. ஆனால் வணிகப் பக்கங்களைப் பொறுத்தவரை அது இரண்டு நாள் செய்தி. காருக்கு நேரக்கூடிய பழுது பங்கு விலையை அசைக்கிறது. காரைச் செய்யும் முதுகெலும்புக்கு நேர்ந்த பழுது அசைப்பதில்லை.

நுகர்வோரின் தரப்பு பத்திரிகைகளில் கேட்கப்படுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். விளம்பரம் வாங்காமல், கார்களைத் தானே கடையில் விலைக்கு வாங்கிச் சோதிக்கும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற இதழ், மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும் மாடல் 3 நிற்பதற்கு 152 அடி தேவைப்படுகிறது, ஆகவே இந்தக் காரைப் பரிந்துரைக்க இயலாது என்று மே 21 அன்று எழுதியது. பெரிய சரக்கேற்றும் பிக்அப் வண்டி ஒன்றைவிட இது மோசம். முதலில் முரண்பட்ட நிறுவனம், சில நாள்களிலேயே மென்பொருள் மாற்றம் ஒன்றை எல்லாக் கார்களுக்கும் தொலைவிலிருந்தே அனுப்பியது. மறுசோதனையில் நிற்கும் தொலைவு 133 அடியாகக் குறைந்தது. இதழும் தன் முடிவை மாற்றிக்கொண்டது. சுயேச்சையான சோதனைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை இது காட்டுகிறது. கூடவே வேறொன்றையும் காட்டுகிறது: இந்தக் குறை ஆலைக்குள் நடந்த எல்லாச் சோதனைகளையும் தாண்டி வெளியே வந்திருந்தது. "எங்கள் சோதனைகள் கடுமையானவை" என்ற வாக்கியத்தை மட்டுமே ஆதாரமாக ஏற்கச் சொல்வது நியாயமில்லை என்பதற்கு டெஸ்லாவின் 2018 மே மாதமே சாட்சி.

அமெரிக்காவில் புதிய கார் ஒன்று விற்பனைக்கு வருமுன் அரசு அதைச் சோதித்து ஒப்புதல் தருவதில்லை. பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளரே தனக்குத்தானே சான்றளித்துக்கொள்கிறார். 1966இல் வந்த பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நிலவும் ஏற்பாடு இது. அந்தச் சட்டம் வந்த வரலாறும் பத்திரிகை வரலாறுதான். கார் நிறுவனங்கள் பாதுகாப்பைப் புறக்கணிப்பதை அம்பலப்படுத்தி ரால்ஃப் நேடர் 1965இல் நூல் எழுதினார். ஜெனரல் மோட்டார்ஸ் துப்பறிவாளர்களை ஏவி அவரது சொந்த வாழ்க்கையைத் துழாவியது. அது வெளிப்பட்டதும் நிறுவனத் தலைவர் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. கேள்வி கேட்டவரின் நோக்கத்தைத் துழாவும் வழக்கத்தை ட்விட்டர் கண்டுபிடிக்கவில்லை. 2015இல் பிடிபட்ட ஃபோக்ஸ்வேகன், 1.1 கோடி டீசல் கார்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளைப் பொருத்தியிருந்தது. பழுதான இக்னிஷன் சுவிட்சைப் பற்றிப் பல ஆண்டுகள் அறிந்தும் வாய்திறவாமல் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ், 124 மரணங்களுக்கு இழப்பீடு கொடுத்தது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: இவ்விரு நிறுவனங்களிலும் சங்கங்கள் இருந்தன. வடிவமைப்பு அறையும் கணக்கு அறையும் சங்கத்தின் கைக்கு எட்டாத இடங்களாக இருக்கும்வரை, சங்கம் இருப்பது மட்டுமே எல்லாவற்றையும் தடுத்துவிடாது. ஆலைத் தளத்தில் நிற்பவரின் வாயை அடைக்காமலாவது அது பார்த்துக்கொள்ளும்.

மின்சாரக் கார் என்பதாலேயே டெஸ்லாவுக்குச் சலுகை காட்டும் போக்கு முற்போக்காளர்களிடமும் உண்டு. புவி வெப்பமாதலை எதிர்கொள்ளும் முயற்சியைக் குறை கூறலாமா என்ற தயக்கம் அது. நிலக்கரியும் எண்ணெயும் விற்றுப் பிழைப்போர் மின்சார வாகனத்தின் தோல்வியை விரும்புகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் இந்த மாற்றத்துக்கான பணம் மஸ்க்கின் சட்டைப்பையிலிருந்து மட்டும் வரவில்லை. 2010இல் அமெரிக்க எரிசக்தித் துறை டெஸ்லாவுக்கு 46.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. அது 2013இல் திருப்பிச் செலுத்தப்பட்டது. மின்சாரக் கார் வாங்கியோருக்கு ஒரு காருக்கு 7,500 டாலர் வரை வரிச்சலுகை தரப்பட்டது. நெவாடா மாநிலம் பேட்டரி ஆலைக்கென 100 கோடி டாலருக்கும் மேற்பட்ட சலுகைகளை அளித்தது. மக்கள் பணத்தால் வளர்ந்த தொழிலில் என்ன சோதிக்கப்படுகிறது, எது நிறுத்தப்படுகிறது என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. பங்குதாரர் மட்டுமே கேட்கலாம் என்பதற்கு இது வட்டிக்கடை அல்ல.

இந்தியப் பத்திரிகைகள் இவ்விவகாரத்தைக் கையாண்ட விதம் தனியே பேசத்தக்கது. நம் ஊடகங்களின் வணிகப் பக்கங்களுக்கு மஸ்க் ஒரு கதாநாயகர். இந்தியாவுக்கு வர ஆசைதான், ஆனால் அரசு விதிகள் தடையாக உள்ளன என்று 2018 மே மாத இறுதியில் அவர் ட்விட்டரில் எழுதியபோது, எந்த விதி, அதனால் யாருக்குப் பயன், யாருக்கு நட்டம் என்று கேட்காமல் விதிகளைத் தளர்த்தச் சொல்லும் குரல்களே ஓங்கி ஒலித்தன. பழுதுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டப்பிரிவுகூட 2018இல் இந்தியாவில் இல்லை. தொழிலதிபர்களின் சங்கம் 2012இல் வகுத்துக்கொண்ட தன்னார்வ நடைமுறையே இருந்தது. அவ்வதிகாரத்தைத் தரும் பிரிவு, போக்குவரத்துத் தொழிலாளர்கள் எதிர்த்துவந்த பல பிரிவுகளோடு சேர்த்துக் கட்டப்பட்டு, மோட்டார் வாகனச் சட்டத்திருத்த மசோதாவாக மாநிலங்களவையில் அப்போது காத்திருந்தது.

கார் ஆலைத் தொழிலாளியின் குரல் இந்தியப் பத்திரிகைகளில் எப்போது கேட்டது? ஹரியானாவின் மானேசரில் மாருதி சுசூகி தொழிலாளர்கள் 2011 முழுவதும் வரிசையின் வேகத்தைப் பற்றியும், ஏழு நிமிடத் தேநீர் இடைவேளையைப் பற்றியும், தங்களுக்கென ஒரு சங்கத்தைப் பதிவு செய்யும் உரிமையைப் பற்றியும் பேசினார்கள். அவை உள்பக்கச் செய்திகள். 2012 ஜூலை 18 அன்று ஆலையில் மோதலும் தீயும் மூண்டு, மனிதவள மேலாளர் ஒருவர் உயிரிழந்தபோதுதான் மானேசர் முதல் பக்கத்துக்கு வந்தது. அந்த மரணம் துயரமானது. அதில் இருவேறு கருத்து இருக்க முடியாது. ஆனால் அதன்பின் 148 தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்ததும், 2017 மார்ச்சில் அவர்களில் 117 பேர் குற்றமற்றவர்கள் என்று குருகிராம் நீதிமன்றமே விடுவித்ததும், 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டதும் எத்தனை தலையங்கங்களுக்குப் பொருளாயின?

2018 மே 23 அன்று, பத்திரிகையாளர்கள் மீதான கோபத்தின் உச்சத்தில், மஸ்க் ஒரு யோசனையை வெளியிட்டார். செய்தியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பொதுமக்கள் நம்பகத்தன்மை மதிப்பெண் போடும் இணையதளம் ஒன்றைத் தொடங்கப் போவதாகச் சொன்னார். அதற்கு அவர் வைக்க நினைத்த பெயர் 'பிராவ்தா'. கேலிக்காகச் சூட்டப்பட்ட பெயர் என்பதில் ஐயமில்லை. அந்தப் பெயரில் 1912 மே மாதம் பீட்டர்ஸ்பர்க்கில் வெளிவரத் தொடங்கிய நாளேடு தொழிலாளர்களின் காசு சேர்த்து நடத்தப்பட்டது. ஜார் அரசு அதை மீண்டும் மீண்டும் தடை செய்தது, அது மீண்டும் மீண்டும் வேறு பெயர்களில் வந்தது. அதன் பக்கங்களில் பெரும் இடத்தை ஆலைகளிலிருந்து தொழிலாளர்கள் எழுதியனுப்பிய கடிதங்கள் நிரப்பின. எந்தப் பட்டறையில் எந்த எந்திரம் யாருடைய விரலை வெட்டியது, எந்த மேலாளர் எந்தக் கணக்கைத் திருத்தினார் என்பன போன்ற சிறு சிறு விவரங்கள். ஃப்ரீமான்ட் சோதனை நிலையத்தில் ஜூன் 26 அதிகாலையில் நின்றவரிடமிருந்து அப்படியொரு கடிதம் வந்திருந்தால், பிசினஸ் இன்சைடரும் மஸ்க்கும் மோதிக்கொண்ட கேள்விக்குப் பத்து வரிகளில் விடை கிடைத்திருக்கும்.

தேசியத் தொழிலாளர் உறவுகள் வாரியத்தின் நீதிபதி முன்பு டெஸ்லா தொழிலாளர்களின் புகார்கள் மீதான விசாரணை 2018 ஜூலைத் தொடக்கத்தில் முடிவடைந்திருக்கவில்லை. மானேசர் நிகழ்வின் ஆறாம் ஆண்டு 2018 ஜூலை 18 அன்று வந்தது. ஆயுள் தண்டனை பெற்ற தொழிலாளர்களின் மேல்முறையீடு அப்போது பஞ்சாப் - ஹரியானா உயர்நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது.